டிராக் நாளுக்கு வண்டியைத் தயார் செய்வது: கடைசியாகக் கை வைத்த இடத்தை முதலில் பாருங்கள்

டிராக் நாள் என்பது பந்தயத் தடத்தில் நம் பைக்கை ஓட்டிப் பார்க்கும் நாள். அதற்கு முந்தின ராத்திரி பதினோரு மணிக்கு பிரேக் பேட் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானே ஒரு காலத்தில் அப்படி உட்கார்ந்திருந்தவன்தான். பின் சக்கரத்துக் கேலிப்பரை (பிரேக் பேடைப் பிடித்திருக்கும் பாகம்) கழற்றி, புதுப் பேட் போட்டு, இரண்டு போல்டையும் கையால் முறுக்கி வைத்துவிட்டு டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) எடுக்கத் திரும்பினேன், போன் அடித்தது. பேசி முடித்து வந்து பார்த்தால் எல்லாம் மாட்டியாகிவிட்ட மாதிரிதான் தெரிந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் காலை பரிசோதனை வரிசையில் வண்டியைப் பார்த்தவர் அந்தக் கேலிப்பரைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். ஆடியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, என் முகத்தை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கிற கணக்கு இது: வண்டியில் தானாகக் கெட்டுப்போகிற இடங்களைவிட, நாம் கடைசியாக ஸ்பேனர் வைத்த இடங்களைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். தொழிற்சாலையில் முறுக்கின போல்ட் வருஷக்கணக்கில் அசையாமல் இருக்கும், நேற்று ராத்திரி தூக்கக் கலக்கத்தில் நாம் முறுக்கினதுதான் மூன்றாவது சுற்றில் கழன்று போகும். அதனால் பெரிய வேலைகள் எதுவாக இருந்தாலும் ஒரு வாரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள். அப்புறம் சாதாரணச் சாலையில் ஐம்பது, நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள், திரும்பி வந்து தொட்ட போல்டை எல்லாம் மறுபடி ஒரு முறை பாருங்கள். முந்தின நாள் எதையும் திறக்காதீர்கள். கை அரித்தாலும் திறக்காதீர்கள்.

ஒவ்வொரு டிராக்குக்கும், ஒவ்வொரு ஏற்பாட்டாளருக்கும் தனி விதிமுறைகள் இருக்கும். பதிவு செய்த அன்றே அதை வாசித்துவிடுங்கள், முந்தின நாள் வாசித்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்ற நேரம் இருக்காது. விவரங்கள் மாறினாலும் எல்லோரும் கேட்பது அடிப்படையில் மூன்றே கேள்விகள்தான். வண்டியிலிருந்து ஏதாவது கழன்று விழுமா? ஏதாவது ஒழுகுமா? ஆக்சிலரேட்டரை விட்டால், பிரேக்கைப் பிடித்தால் வண்டி அடங்குமா? முதல் இரண்டும் உங்களுக்காகக் கேட்கப்படுவதில்லை, உங்களுக்குப் பின்னால் அதே வளைவில் சாய்ந்துகொண்டு வருகிறவருக்காக.

கழுவுவதிலிருந்து தொடங்குங்கள்

வண்டி பளபளப்பாக வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. வாளித் தண்ணீரும் துணியும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகக் கையால் துடைக்கும்போதுதான் கீறல், விரிசல், கழன்ற கிளிப், ஒழுகின எண்ணெய்த் தடம் எல்லாம் கண்ணில் படும். ஃபேரிங் (எஞ்சினை மூடும் பிளாஸ்டிக் உறை) இருந்தால் கழற்றிவிட்டுத் துடையுங்கள், பாதி விஷயம் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். அழுத்தமாகப் பீய்ச்சும் பம்பு வைத்துக் கழுவினால் வேலை சீக்கிரம் முடியும்தான், ஆனால் அது பேரிங்குக்குள் தண்ணீரை ஏற்றிவிடும், எதையும் பார்க்கவும் விடாது. கழுவிக் காயவைத்து, வண்டியை ஓட்டி, ஒரு ராத்திரி நிறுத்தி வையுங்கள். காலையில் எஞ்சின் அடியில், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் கால்களில், பின்பக்க ஷாக்கின் தண்டில் விரலை ஓட்டிப் பாருங்கள். விரல் ஈரமானால் அதுதான் உங்கள் முதல் வேலை. ஃபோர்க் சீல் ஒழுகும் எண்ணெய் நேராக பிரேக் டிஸ்க் பக்கம் இறங்கும் என்பதால், பரிசோதனையில் அதைப் பார்த்துவிட்டால் உள்ளே விடவே மாட்டார்கள்.

டயர்

காசு கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்றால் சைலன்சரை மறந்துவிட்டு டயரில் போடுங்கள். அதற்காக ஸ்லிக் டயர்தான் (பள்ளமே இல்லாத வழுவழுப்பான பந்தய டயர்) வேண்டும் என்று நினைக்க வேண்டாம், முதல் சில தடவைகளுக்கு நல்ல நிலையில் இருக்கும் ஸ்போர்ட்ஸ் வகைச் சாலை டயரே தாராளம். சொல்லப் போனால் அதுதான் நல்லது. சீக்கிரம் சூடாகும், வழுக்கப் போவதை முன்கூட்டியே உணர்த்தும். ஸ்லிக் டயருக்குச் சூடேற்றும் உறை வேண்டும், சூடு இறங்காமல் ஓட்டும் வேகமும் வேண்டும். அந்த இரண்டாவது நம்மில் பலரிடம் இருக்காது.

பக்கவாட்டில் வயதைப் பாருங்கள். டாட் என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருஷம் தாண்டின டயரில் பட்டன் (மேற்பரப்பின் பள்ளம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும், அதை டிராக்குக்குக் கொண்டுவர வேண்டாம். பட்டன் பாதிக்கு மேல் இருக்கட்டும். நெடுஞ்சாலையிலேயே ஓடி நடுப்பகுதி தட்டையான டயர் வளைவில் சாய்க்கும்போது ஒரு படி இறங்குவது போல விழும், அது பழகாதவரைப் பயமுறுத்தும். பஞ்சர் போட்ட டயர் வேண்டவே வேண்டாம். வெளியிலிருந்து குத்தி வைக்கும் அந்தத் திரி ஊர் போய்ச் சேருவதற்கான ஏற்பாடு, மணிக்கு 200 கிலோமீட்டரில் சுற்றுவதற்கு அல்ல. புது டயர் என்றால் அதன் மேற்பரப்பு முதலில் வழுவழுப்பாக இருக்கும். முன்னாலேயே சாலையில் கொஞ்சம் ஓட்டிவிட்டு வாருங்கள், டிராக்கிலும் முதல் சில சுற்றுகள் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

காற்று விஷயத்தில் ஆளுக்கொரு எண் சொல்வார்கள், எண்ணைவிட அதன் காரணம் புரிந்தால் போதும். டயர் சூடானால் உள்ளிருக்கும் காற்று விரிந்து அழுத்தம் ஏறும். டிராக்கில் சாலையைவிட மிக அதிகமாகச் சூடாகும், அதனால் குளிர்ந்த நிலையில் சாலை அளவைவிடக் குறைத்து ஆரம்பிக்கிறோம். பல ஸ்போர்ட்ஸ் வண்டிகளின் கையேட்டில் முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ என்று இருக்கும். அந்த மாதிரி வண்டியில் சாலை டயரோடு போகும்போது 31, 32 சுற்றுவட்டாரத்தில் தொடங்குவது பரவலான வழக்கம். டயர் நிறுவனம் டிராக்குக்கென்று தனி அளவு கொடுத்திருந்தால் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், என்னையோ பக்கத்துக் கூடாரத்துக்காரரையோ அல்ல. கையேட்டிலேயே 25, 28 என்று போட்டிருக்கும் சின்ன வண்டிகளுக்கு இந்தக் குறைக்கும் வேலையே தேவையில்லை.

ஓட்டிவிட்டு உள்ளே வந்த உடனே, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, அளந்து பாருங்கள். குளிர்ந்த அளவிலிருந்து மிக அதிகமாக ஏறியிருந்தால் ஆரம்ப அளவு குறைவாக இருந்திருக்கலாம், காற்று குறைந்த டயர் அதிகமாக மடங்கி நெளிந்து கூடுதலாகச் சூடாகும். ஏறவே இல்லை என்றால் காற்று அதிகம், அல்லது நீங்கள் மெதுவாகப் போயிருக்கிறீர்கள் (இரண்டாவது காரணத்தை யாரும் ஒப்புக்கொள்வதில்லை). ஒரே கேஜை வைத்து அளப்பது முக்கியம். அது ஒரு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டினாலும் பரவாயில்லை, தினமும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டினால் போதும்.

வால்வை மறக்காதீர்கள். ரப்பர் வால்வை லேசாக மடக்கினால் அடியில் விரிசல் தெரியும், தெரிந்தால் மாற்றுங்கள். உள்ளே ரப்பர் வளையம் இருக்கும் உலோக மூடி போடுங்கள். சக்கரம் மிக வேகமாகச் சுற்றும்போது வால்வின் உள் ஊசி விளிம்புப் பக்கமாகத் தள்ளப்படும், வால்வு திறக்கும் திசையும் அதேதான். அப்போது காற்றைப் பிடித்து வைப்பது அந்தச் சின்ன மூடிதான். சக்கரத்தில் ஒட்டியிருக்கும் சமநிலை எடைகள் மேல் பட்டையாக ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

பிரேக்

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒவ்வொரு சுற்றிலும், சில டிராக்குகளில் ஒரே சுற்றில் இரண்டு மூன்று இடங்களில் பிடித்தால், அந்தச் சூடு டிஸ்கிலும் பேடிலும் ஏறும், அதில் ஒரு பகுதி பிரேக் ஆயிலுக்கும் போகும். சாலையில் வருஷக்கணக்காகக் குறையே சொல்லாத பிரேக், டிராக்கில் நாலாவது சுற்றில் லீவர் கைப்பிடி வரை வந்துவிடுவது இதனால்தான்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். டாட் 4 தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ், ஈரம் இழுத்த நிலைக்கான அளவு 155 டிகிரி. டாட் 5.1க்கு இவை 260, 180. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உருவாகும், திரவத்தைப் போலில்லாமல் ஆவி அமுங்கும், நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் அந்த அழுத்தம் பேடுக்குப் போகாது. ஆகவே ஆயில் மாற்றி ஒரு வருஷம் ஆகிவிட்டதென்றால், நிறம் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். சீல் உடைக்காத புது பாட்டில்தான் வேண்டும், அலமாரியில் போன வருஷம் திறந்து வைத்த பாதி பாட்டில் இந்த வேலைக்கு ஆகாது. டாட் 5 என்பது பெயரில் மட்டும்தான் 5.1க்குச் சொந்தம். அது சிலிகான் வகை, மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

ஆயில் மாற்றிக் காற்று எடுத்த பிறகு முன் லீவரை இழுத்துக் கைப்பிடியோடு சேர்த்து ஒரு பட்டையால் கட்டி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் லீவர் இன்னும் உள்ளே இறங்கியிருந்தாலோ, குழாய் இணைப்புகளில் ஈரம் தெரிந்தாலோ பெரும்பாலும் ஏதோ ஒரு பாஞ்சோ போல்டின் (பிரேக் குழாயை இணைக்கும் போல்ட்) வாஷர் சரியாக உட்கார்ந்திருக்காது. அந்தச் செம்பு வாஷரைப் பலர் பழையதையே திருப்பிப் போடுவார்கள், புதிதாகப் போடுங்கள்.

பேட் பாதிக்கு மேல் இருக்க வேண்டும், அது ஒரு நாளுக்கே தேவைப்படும். டிஸ்கின் மீதே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அளந்து பாருங்கள். ஓட்டைகளிலிருந்து கிளம்பும் மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பேட் பின், அதன் கிளிப், கேலிப்பர் போல்ட் எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டதா? அப்படியென்றால் என் போன் கதையை ஞாபகம் வைத்துக்கொண்டு கேலிப்பர் போல்டை இன்னொரு தடவை பாருங்கள்.

பேட் மாற்றியவர்கள் செய்யும் ஒரு தப்பு உண்டு. புதுப் பேட் உள்ளே போக பிஸ்டன்களைப் பின்னால் தள்ளியிருப்போம். அப்படியே வண்டியை நகர்த்தினால் முதல் பிடியில் பிரேக் இருக்காது, லீவர் காற்றில் போகும். ஸ்டாண்டிலிருந்து இறக்கும் முன்னால் லீவரையும் பெடலையும் கெட்டியாகும் வரை பம்ப் செய்யுங்கள். நடக்கும் வேகத்தில் நடந்தால் இது சிரிப்புக் கதை, வேறெங்காவது நடந்தால் இல்லை.

ஏபிஎஸ் இருக்கிறதா, அப்படியே இருக்கட்டும். அதை அணைத்தால்தான் வேகமாகப் போகலாம் என்று யாராவது சொன்னால், அவர் எத்தனை வருஷமாக டிராக்கில் ஓட்டுகிறார் என்று கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

விட்டால் அடங்க வேண்டும்

ஆக்சிலரேட்டரைத் திருப்பி விட்டால் 'டக்' என்று தானாக மூட வேண்டும். ஹேண்டிலை நேராக வைத்து, இடதுபக்கம் முழுக்க ஒடித்து, வலதுபக்கம் முழுக்க ஒடித்து, மூன்று நிலையிலும் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை ஒடிக்கும்போது ஆர்பிஎம் தானாக ஏறினால் கேபிள் எங்கோ இறுகுகிறது என்று அர்த்தம். டேங்கைக் கழற்றி மாட்டியிருந்தால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும், பெரும்பாலும் கேபிளை டேங்குக்கும் பிரேமுக்கும் நடுவில் நசுக்கியிருப்போம். மின்னணு த்ராட்டில் உள்ள வண்டியாக இருந்தாலும் பிடி சுலபமாகத் திரும்புகிறதா, ஹேண்டில் முனையில் இருக்கும் பார் எண்டில் உரசுகிறதா என்று பாருங்கள். கில் சுவிட்சைத் தட்டி எஞ்சின் நிற்கிறதா என்று பார்ப்பதற்கு மூன்று விநாடி ஆகும், பரிசோதனையில் கட்டாயம் கேட்பார்கள்.

ஸ்டாண்டில் முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாக இடம் வலம் திருப்புங்கள். நடுவில் வந்ததும் ஒரு பள்ளத்தில் உட்காருவது போலிருந்தால் தலைப் பேரிங் தேய்ந்துவிட்டது. ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் 'டொக்' என்ற ஆட்டம் இருக்கக் கூடாது. சக்கரங்களை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் எங்கே இருந்தாலும் அதை 'பரவாயில்லை, கொஞ்சம்தானே' என்று விடாதீர்கள். வேகத்தில் அந்தக் கொஞ்சம்தான் ஹேண்டில் நடுக்கமாக வரும்.

செயின்

பெரும்பாலானவர்கள் செயினை இறுக்கித்தான் தப்பு செய்கிறார்கள். கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் பிவட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். டிராக்கில் சஸ்பென்ஷன் சாலையைவிட ஆழமாக அமுங்கும், அந்தக் கோட்டை அடிக்கடி தொடும். ஸ்டாண்டில் அழகாக இறுக்கி வைத்த செயின் அங்கே கம்பி போல விறைத்து கியர்பாக்ஸ் பேரிங்கை இழுக்கும், சஸ்பென்ஷனையும் வேலை செய்ய விடாது. கையேடு 25 முதல் 35 மி.மீ. தொய்வு என்றால் 35க்குப் பக்கமாக வையுங்கள். சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளக்க வேண்டும்.

பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்முனையில் செயினைப் பிடித்து இழுத்தால் பல் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின், ஸ்ப்ராக்கெட் இரண்டையும் சேர்த்து மாற்றும் நேரம் வந்துவிட்டது. பற்கள் ஒருபக்கமாக வளைந்து கொக்கி போலிருந்தாலும் அப்படியே. கிளிப் வகை இணைப்பு என்றால் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், ரிவெட் அடித்த இணைப்பு இன்னும் நிம்மதி. செயின் ஆயிலை இரண்டு நாள் முன்னால் போட்டுத் துடைத்துவிடுங்கள். காலையில் தெளித்தால் அது பின் டயரின் ஓரத்துக்குத்தான் போகும்.

செயினைச் சரிசெய்ய ஆக்சில் நட்டைத் தளர்த்தியிருப்பீர்கள். அது கடைசியாகக் கை வைத்த இடம். புரிகிறதல்லவா?

கூலன்ட், ஆயில், கம்பி

எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட்டைப் பல டிராக்குகளில் அனுமதிப்பதில்லை. தார் மேல் கொட்டினால் எண்ணெய் போல வழுக்கும், தண்ணீர் மாதிரி ஆவியாகாது, கழுவினாலும் லேசில் போகாது. ஒருவர் ரேடியேட்டர் உடைந்தால் எல்லோருடைய நாளும் போய்விடும். அதனால் அதை முழுக்க இறக்கிவிட்டு, நல்ல தண்ணீர் விட்டு எஞ்சினை ஓட்டி மறுபடி இறக்கி, அதை இன்னொரு முறை செய்து, கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீரோடு அரிப்புத் தடுக்கும் சேர்மானத்தைக் கலந்து ஊற்றுங்கள். சேர்மானம் கிளைக்கால் இல்லாததா என்று லேபிளைப் பாருங்கள். வெறும் தண்ணீரை மாதக்கணக்கில் விட்டு வைத்தால் உள்ளே அலுமினியம் அரிக்கும், குளிரில் உறைந்தால் எஞ்சினே விரிசல் விடும், ஆகவே டிராக் பருவம் முடிந்ததும் கூலன்ட்டைத் திரும்ப ஊற்றிவிடுங்கள். காற்றால் குளிரும் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை ஒரு புன்னகையோடு தாண்டலாம்.

எஞ்சின் ஆயில் மேல் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், தாண்டக் கூடாது. அதிகமானால் மூச்சுக் குழாய் வழியாக ஏர் பாக்சுக்கு ஏறும்.

லாக் ஒயர் என்கிற மெல்லிய துருப்பிடிக்காத கம்பியைப் பந்தயங்களில் கட்டாயமாகக் கேட்பார்கள், சாதாரண டிராக் நாளில் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். கேட்காவிட்டாலும் ஆயில் இறக்கும் போல்ட், ஆயில் ஊற்றும் மூடி, ஆயில் ஃபில்டர் மூன்றுக்கும் கட்டிவிடுவது என் பழக்கம். 0.8 மி.மீ. கம்பி போதும். போல்டைக் கழற்றி வெளியே வைத்துத்தான் அதன் தலையில் ஓட்டை போட வேண்டும், வண்டியில் இருக்கும்போதே போட்டால் இரும்புத் தூள் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். சின்ன ட்ரில் பிட் படபடவென்று உடையும், நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் விட்டு மெதுவாகப் போடுங்கள். ஃபில்டரில் ஓட்டை போட முடியாது, அதைச் சுற்றி ஒரு ஹோஸ் கிளாம்ப்பை இறுக்கி அதிலிருந்து கம்பியை இழுக்க வேண்டும். கம்பி கட்டும் திசைதான் முக்கியம்: போல்ட் கழலப் பார்த்தால் கம்பி விறைத்து அதைத் தடுக்க வேண்டும், அதாவது எப்போதும் இறுக்கும் பக்கமாக இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். தலைகீழாகக் கட்டிய கம்பி வெறும் அலங்காரம்தான்.

கம்பி கட்டாத போல்டுகளுக்கு, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கின உடனே, போல்ட் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். போல்ட் அசைந்தால் கோடு உடைந்து தெரியும். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது: கோடு இல்லாத போல்ட் என்றால் இன்னும் இறுக்காத போல்ட் என்று அர்த்தம். அன்றைக்கு அந்தக் கோட்டுப் பழக்கம் எனக்கு இருந்திருந்தால் போனே அடித்திருந்தாலும் தப்பித்திருப்பேன். ஒன்று, சந்தேகம் வரும்போதெல்லாம் ரெஞ்ச் வைத்து 'இன்னும் கொஞ்சம்' இறுக்காதீர்கள். அலுமினிய மரை அப்படித்தான் வழுக்கும்.

கழற்ற வேண்டியவை

கண்ணாடிகள், நம்பர் பிளேட், பெட்டி, நடு ஸ்டாண்ட், ஃபுட்பெக்கின் (காலை வைக்கும் கட்டை) அடியில் துருத்தி, சாய்க்கும்போது முதலில் தரையைத் தொடும் உணர்முனைகள். கண்ணாடியைக் கழற்றச் சொல்வது உடைந்த சில்லுக்காக மட்டும் இல்லை, பின்னால் யார் வருகிறார் என்று பார்ப்பது டிராக்கில் உங்கள் வேலையே கிடையாது. விளக்குகளில் டேப் ஒட்டுங்கள். ஹாலஜன் விளக்கு எரிந்தால் அந்தச் சூட்டில் டேப் உருகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், ஃபியூஸைப் பிடுங்கிவிடுவது நல்லது. ஆனால் அந்த ஃபியூஸ் வேறு எதற்கும் மின்சாரம் தருகிறதா என்று எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். சைடு ஸ்டாண்டைக் கழற்றினால் அதன் சுவிட்ச் எஞ்சினை நிறுத்திவிடும், ஆகவே முதல் தடவை அதைக் கழற்றாமல் நல்ல ஸ்பிரிங் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வது சுலபம். வேகமானி மேலும் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். அந்த எண்ணைப் பார்த்து யாரும் வளைவை ஒழுங்காக எடுத்ததில்லை.

சத்தத்துக்கு எல்லை வைத்திருக்கும் டிராக்குகள் உண்டு. சைலன்சருக்குள் செருகும் அந்தச் சத்தம் குறைக்கும் குழாயை வீட்டில் விட்டுவிட்டு வந்து, டெசிபல் கருவி முன்னால் நிற்காதீர்கள்.

சஸ்பென்ஷனைப் பற்றி நிறைய எழுதலாம், முதல் நாளுக்குத் தேவையில்லை. முழு உடுப்போடு நீங்கள் ஏறி உட்கார்ந்தால் முன்னும் பின்னும் சுமார் 30, 35 மி.மீ. அமுங்குகிறதா என்று பாருங்கள். தேவைப்பட்டால் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கம்) மட்டும் திருத்துங்கள். மற்ற திருகுகளை முழுக்க மூடும் வரை கிளிக் எண்ணி, அந்த எண்ணை எழுதி வைத்து, அதே இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். திரும்பி வர ஒரு முகவரி இருக்க வேண்டும்.

உடுப்பில் சமரசம் வேண்டாம். ஒற்றைத் தோல் சூட், அல்லது இடுப்பைச் சுற்றி முழுக்க ஜிப் சேரும் இரண்டு துண்டுச் சூட், மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலுக்கு மேலே வரும் பூட்ஸ், முதுகுக் கவசம், ஒரு முறைகூடக் கீழே விழாத ஹெல்மெட். இரண்டு துண்டுச் சூட்டின் ஜிப்பை வீட்டிலேயே ஒரு தடவை சேர்த்துப் பாருங்கள், இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருந்தால் சேராது.

அங்கே போன பிறகு

கேஜ், டார்க் ரெஞ்ச், டேப், கேபிள் டை, துணி, பெட்ரோல், உங்களுக்குக் குடிக்கத் தண்ணீர். பெட்ரோல் சாலையில் போகிற கணக்கில் போகாது, கையேட்டு மைலேஜை நம்பி வந்தால் மதியத்துக்குள் டேங்க் காய்ந்துவிடும்.

முதல் செஷனின் முதல் சுற்று டயருக்கும் பிரேக்குக்கும் என்று ஒதுக்குங்கள். நேர்ப் பாதையில் பின்னால் யாரும் நெருங்கி வராதபோது இரண்டு பிரேக்கையும் தனித்தனியாக லேசாகப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு செஷன் முடிந்ததும் அரட்டைக்கு முன்னால் ஐந்து நிமிஷம் வண்டியைச் சுற்றி வாருங்கள்: சூடான காற்றழுத்தம், பெயின்ட் கோடுகள், இரண்டு ஆக்சில், செயின் தொய்வு, பேட் எவ்வளவு மிச்சம், எஞ்சின் அடியில் ஈரம். டிஸ்கையும் சைலன்சரையும் தொட்டுப் பார்க்க வேண்டாம், அதைத் தொட்டவர்கள் ஒரே ஒரு தடவைதான் தொடுவார்கள். மதியத்துக்கு மேல்தான் நிறையப் பேர் விழுகிறார்கள், உடம்பு களைத்திருக்கும், காலையில் பார்த்ததுதானே என்ற நினைப்பும் வரும். கடைசி செஷனுக்கு முன்னால் செய்யும் சுற்றைத் தவிர்க்காதீர்கள்.

ஓடும்போது புதிதாக ஓர் அதிர்வு, எரிந்த வாடை, பூட்ஸில் ஈரம், லீவரில் மென்மை, எது தெரிந்தாலும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, மற்ற வண்டிகள் ஓடும் தடத்திலிருந்து ஓரமாக வாருங்கள். ஒழுகுகிறது என்று சந்தேகம் வந்தால் பிட் (வண்டிகள் நிற்கும் இடம்) வரை வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், தார்ப் பாதையை விட்டு வெளியே பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். அந்த அரைச் சுற்று எண்ணெய்க் கோட்டின் மேல்தான் அடுத்தவர் சாய்வார்.

வண்டியை ஓட்டிக்கொண்டே ஊர் திரும்புகிறவர்கள் கவனத்துக்கு: டயரை ஆறவிட்டு, காற்றைச் சாலை அளவுக்கு ஏற்றுங்கள். பிடுங்கின ஃபியூஸைத் திரும்பச் செருகி, டேப்பை உரித்து, பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பேட் எவ்வளவு மிச்சம் என்று மறுபடி பாருங்கள். அப்புறம் கண்ணாடிகளை மாட்டுங்கள், ரெஞ்ச் கையில் இருக்கும்போதே முழுக்க இறுக்கிவிடுங்கள், போன் அடித்தால் அடிக்கட்டும்.